இந்த அக்டோபரில் புதிய திட்டம் எதுவும் வேண்டாம்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கும் ஆணைய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் 10 உலக மனநல நாள். அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் எங்கள் ஊர் அரசு மருத்துவமனைச் சுற்றுச்சுவரில் ஒரு புதிய பதாகை ஏறும். போன ஆண்டுப் பதாகையைக் கழற்ற யாருக்கும் நேரம் இருக்காது. அதன் மேலேயே இதையும் கட்டிவிடுவார்கள். பதாகையில் ஒரு புதிய திட்டத்தின் பெயர் இருக்கும், ஒரு புதிய தொலைபேசி எண்ணோ செயலியோ இருக்கும். இந்த ஆண்டு உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக எதையும் அறிவிக்காதீர்கள். ஒரே ஓர் ஆண்டு, ஏற்கெனவே தொடங்கியவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எது பெயரளவில் இருக்கிறது என்று கணக்கெடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயுள்ள ஒரு தம்பிக்கு அக்கா. கல்லூரி முடித்த கையோடு அவனுக்கு நோய் தொடங்கியது. இன்று அவன் தலை முழுவதும் நரைத்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மனநலத்துக்காக இந்த மாநிலம் செய்து பார்த்த புதுமைகளில் பல, ஏதோ ஒரு வகையில் எங்கள் வாசல் வரை வந்திருக்கின்றன. பெரும்பாலானவை வந்த வழியே திரும்பிப் போயின.

இதனால் என்னைப் புதுமைக்கு எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். பழைய வழியே போதும் என்று எல்லோரும் இருந்திருந்தால் என் தம்பி எங்கே இருந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அந்த வாரம் முழுவதும் எங்கள் அம்மா செய்தித்தாளைத் தம்பியின் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். 'அவனையும் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த உறவினர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அதே ஏர்வாடியில் பின்னர் தர்காவை ஒட்டியே மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு வந்தது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008இல் தொடங்கிய முறை அது. பிரார்த்தனைக்கு வந்தவரை அதை விடச் சொல்லாமல், மருந்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வது. தர்காவில் இருப்பவர்களே 'டாக்டரையும் பாருங்கள்' என்று அனுப்பி வைப்பது. நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காமல் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்ட மருத்துவம். இதைவிட நல்ல புதுமையை நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்தார். கூடாரத்தில் இருந்த அதே எண்ணம் வேலூரில் கட்டடத்தின் அமைப்பிலேயே இடம் பிடித்துவிட்டது. தலைமை மாறினாலும் அறை அறையாகவே இருக்கும் அல்லவா? நான் சொல்ல வருவது அதைத்தான்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அதன் பிறகு கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்தவர்கள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் களப்பணியாளருக்கும் பயிற்சி கொடுத்து, விரல் விட்டு எண்ணக்கூடிய சில மருந்துகளைத் தவறாமல் வழங்கினால் மனநோயாளிகளில் பெரும்பாலோரை உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. அந்த மாதிரியை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. பெல்லாரியில் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய மருந்து பக்கத்து ஊரிலேயே, மாதாமாதம், நிச்சயமாகக் கிடைக்கும் என்பதே அங்கே நடந்த புதுமை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு முன்னோடித் திட்டம் நடந்தது. நடத்தியவர்கள் நல்லவர்கள்; பெயர் வேண்டாம். பக்கத்து ஊரில் பட்டப்படிப்பு முடித்திருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ஸ்கூட்டியில் வருவார். முதல் சில முறை தம்பி கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டான். அவர் அவனைக் கூப்பிடவே இல்லை. திண்ணையில் என்னோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் அவனாகவே வந்து, ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட அரசாங்கம் காசு தருகிறதா என்று கேட்டான். அவர் தனக்கு வரும் தொகையைச் சொன்னார். அது போதாது என்று அவன் தீர்ப்பு சொன்னான். அன்றிலிருந்து இருவரும் பேசத் தொடங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் தம்பி தனியாக டவுன் பஸ் ஏறிப் போய், ஓ.பி. சீட்டு போட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு, டிக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வீடு திரும்பும் நிலைக்கு வந்தான்.

அந்தப் பெண் கவனித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பிக்கு நோய் மறுபடி தலைதூக்குவதற்கு முன், தூக்கம் கெடுவதற்கும் முன்பே, அவன் அடிக்கடி சமையலறைக்குப் போய்க் குடிநீர்ப் பானையின் மூடியைச் சரிபார்ப்பான். தண்ணீரில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற பயத்தின் முதல் தளிர் அது. எத்தனையோ ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் அதை நாங்கள் அப்படிப் புரிந்துகொண்டதில்லை. அவர் புரிந்துகொண்டார். 'பானை மூடியைப் பார்க்கத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம், மறுநாளே மருத்துவரிடம்' என்று தன் குறிப்பேட்டில் எழுதினார்.

மார்ச் மாதத்தோடு நிதி முடிந்தது, திட்டமும் முடிந்தது. குறிப்பேடு தலைமையகத்துக்குப் போயிற்று. ஏதோ ஓர் அறிக்கையின் அட்டவணையில் என் தம்பி ஓர் எண்ணாக இருப்பான், முன்னேற்றம் கண்டவர்கள் என்ற கட்டத்திலேயே இருப்பான். ஆனால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பானை மூடியைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண் இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்குத் தொலைபேசியில் அழைத்துத் தம்பியிடம் பேசுவார். இப்போதும் பெட்ரோல் பற்றித்தான் அவன் கேட்கிறான்.

இப்படிப்பட்ட வேலைக்குப் பலன் உண்டா என்று இனியும் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோவா, சதாரா, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரின் உதவியும் சேர்ந்தவர்களுக்கு நோயின் கடுமையும் இயலாமையும் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன. சற்றுத்தான், அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சற்றுக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போய் வருவது என்று பொருள். எனவே கேள்வி வேறு. பலன் தரும் என்று தெரிந்துவிட்ட ஒன்றை நிலைக்க வைக்க நம்மிடம் வழிமுறை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது மனநலப் பிரிவில் இல்லை. மருந்துக் கிடங்கில் இருக்கிறது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்வது, ஆய்வகத்தில் சோதிப்பது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் கொடுப்பது. பாஸ்புத்தகத்தில் அந்த மருத்துவமனைக்கு ஒதுக்கிய தொகை இருக்கும். மருந்து எடுக்க எடுக்க அதில் கழியும். வங்கியில் வரவு செலவு எழுதியே கை தேய்ந்த எனக்கு இதை முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது. பிற மாநிலங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. ஆட்சிகள் மாறின, பாஸ்புத்தகம் நிலைத்தது. அதில் கவர்ச்சியான பெயரோ முத்திரை வாசகமோ இல்லை. பணமும் பொருளும் ஒரே ஏட்டில் வந்ததால், அதை விட்டுவிட்டு மருத்துவமனையை நடத்தவே முடியாது என்ற நிலை உண்டாயிற்று. நிர்வாகத்தில் புதுமை என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இவ்வளவு நல்ல ஏற்பாடுள்ள மாநிலத்தில் மனநல மாத்திரை மட்டும் ஏன் அவ்வப்போது அறுந்துபோகிறது? ஒரு புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மனநல ஓ.பி. புதன்கிழமைகளில்தான். மருந்தக ஜன்னலில், தம்பி சாப்பிடும் ரிஸ்பெரிடோன் மாத்திரை 2 மில்லிகிராம் அளவில் இல்லை என்றார்கள். ஒரு மில்லிகிராம் இருந்தால் இரண்டிரண்டாகக் கொடுங்கள் என்றேன். அதற்குச் சீட்டை மாற்றி எழுத வேண்டும், மருத்துவர் பக்கத்துத் தாலுகா முகாமுக்குப் போய்விட்டார், அடுத்த புதன் வாருங்கள் என்றார்கள். வெளியே மருந்துக்கடையில் கேட்டால், இந்த மாத்திரை இங்கே போகாது, அதனால் வாங்கி வைப்பதில்லை என்றார்கள். மாவட்டத் தலைநகருக்குப் போய் வாங்கி வந்தேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, போனேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற, மகனோடு வந்திருந்த விவசாயக் கூலித் தொழிலாளி அம்மாள் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு எங்கே தவறியது என்று மருந்தாளுநரிடமே விசாரித்தேன். பழக்க தோஷம். போன மாதம் எத்தனை பேர் வந்தார்களோ அதை வைத்து இண்டென்ட், அதாவது கிடங்குக்கு அனுப்பும் மருந்துக் கேட்புப் பட்டியல், போடுகிறார்கள். இடையில் புதிய திட்டத்தின் கீழ் முகாம் நடத்தி, நாற்பதுக்கு மேற்பட்ட புதிய நோயாளிகளைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்த நாற்பது பேருக்கான மாத்திரையை எந்த இண்டென்டிலும் யாரும் ஏற்றவில்லை. முகாம் ஒரு பிரிவின் பொறுப்பு, மருந்து இன்னொரு பிரிவின் பொறுப்பு. புதியவர்களுக்கும் கொடுத்து, பழையவர்களுக்கும் கொடுத்து, மூன்றாவது வாரத்தில் இருப்பு தீர்ந்துவிட்டது. புதிய திட்டம் வராமல் இருந்திருந்தால் பழைய நோயாளிகளுக்காவது மருந்து கிடைத்திருக்கும் என்று ஓர் அக்கா நினைக்கும் நிலைக்கு நீங்கள் கொண்டுவந்து விட்டீர்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நான் வாங்கிப் படித்தேன். அதன் 18ஆம் பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலுள்ள எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் எல்லா நேரத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லா நேரத்திலும் என்பதில் மூன்றாவது வாரமும் அடங்கும், மருத்துவர் முகாமுக்குப் போன புதன்கிழமையும் அடங்கும்.

திரைவழி மருத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை. மனச்சிதைவு நோய்க்காகச் சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் ஒரு பஸ்ஸை ஓட்டியது. நோயாளி பஸ்ஸுக்குள் திரைக்கு முன் உட்காருவார். மனநல மருத்துவர் சென்னையில் இருந்து பேசுவார். சீட்டும் மாத்திரையும் பஸ்ஸிலேயே கைக்கு வந்துவிடும். அந்தப் பஸ்ஸைப் பார்த்துப் பலரும் திரையை மெச்சினார்கள். நான் மெச்சுவது உள்ளே இருந்த மருந்து அலமாரியை. திரை மட்டும் போதும் என்று நினைத்துவிட்டால் ஊருக்கு ஒரு கணினி வாங்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடலாம். 2022 அக்டோபரில் இருந்து மனநல ஆலோசனைக்கு 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. நள்ளிரவில் ஒரு மனிதக் குரல் கேட்பது சிறிய காரியம் அல்ல. ஆனால் அந்தக் குரல் 'நாளை காலை இந்த இடத்தில், இவரைப் பாருங்கள்' என்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமானால், அந்த இடத்தில் அந்தப் பெயருடையவர் நாளையும் வேலையில் இருக்க வேண்டும். மாவட்ட மனநலக் குழுவில் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். நிரந்தரப் பணி கிடைத்த அன்றே போய்விடுகிறார்கள், யார்தான் போகமாட்டார்?

அடுத்த யோசனை என்னவாக இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களிடம் மனநலத்தையும் கொடுத்துவிடுவது. எங்கள் தெருவுக்கு வருபவர் கெட்டிக்காரர். இரத்த அழுத்தம் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், எல்லாவற்றையும் கைபேசியில் ஏற்றுவார். ஊக்கத்தொகையில் வேலை செய்பவர். அவரிடம் மனநலத்தையும் கொடுக்கலாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பையிலிருந்து எதை இறக்குவீர்கள்? கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவருக்கு யார் நேரம் கொடுப்பது? அந்த நேரத்தைச் செயலியில் எந்தக் கட்டத்தில் பதிவது?

தேசிய மனநலக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டி என்னை மறுப்பீர்கள். 2015-16இல் தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் எடுத்த அந்தக் கணக்கு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை சிகிச்சை பெறாதவர்கள் இருப்பதாகச் சொன்னது. இத்தனை பேர் வெளியே நிற்கும்போது புதிதாக எதுவும் செய்யாதே என்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வெளியே நிற்பவர்களில் ஒரு நாளும் உள்ளே வராதவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? வந்து, சேர்ந்து, மூன்றாவது வாரத்தில் ஜன்னலில் கைவிரிக்கப்பட்டுத் திரும்பிப் போனவர்களும் இருப்பார்கள். அவர்களைத் திரும்ப அழைப்பது, முதல்முறை அழைப்பதைவிடக் கடினம்.

எனவே நான் கேட்பது ஒரு தாள். எந்த முன்னோடித் திட்டத்துக்கும் ஒப்புதல் ஆணை போடும்போதே அதோடு ஒரு தாளை இணையுங்கள். திட்டம் முடியும் நாளில் இந்த நோயாளிகள் எந்த சுகாதார நிலையத்தில், யார் பெயரில் ஒப்படைக்கப்படுவார்கள். களப்பணியாளரின் குறிப்பேட்டை யார் வாங்கிப் படித்துக் கையெழுத்திடுவார். சேரும் நோயாளிகளுக்கான மாத்திரை எந்த மாதத்து இண்டென்டில் ஏறும். பணியாளருக்கு அதன் பிறகு என்ன வழி. இந்தத் தாள் நிரம்பாவிட்டால் திட்டத்துக்கு ஒப்புதல் இல்லை என்று வையுங்கள். எங்கள் வங்கியில் ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்குக்கூடத் திருப்பிச் செலுத்தும் அட்டவணை இல்லாமல் கையெழுத்து விழாது.

பலிக்காத திட்டங்களும் இருக்கும். அவற்றைப் பலிக்கவில்லை என்று எழுதி மூடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி நடத்தும் விழிப்புணர்வுப் பேரணியை மூடினால் முதலில் கைதட்டுபவள் நானாக இருப்பேன்.

ஆய்வுக் கூட்டங்களில் எங்களையும் உட்கார வையுங்கள். எங்களை என்றால் அக்காக்களையும் அம்மாக்களையும் மட்டும் அல்ல, நோயோடு வாழ்பவர்களை. மருத்துவமனையில் எதை மாற்ற வேண்டும் என்று தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். மருந்தக ஜன்னலில் 'மெண்டல் ஓ.பி. எல்லாம் இந்தப் பக்கம்' என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்றான். அதை மருந்தாளுநரிடம் சொன்னேன். மனிதர் அடுத்த வாரமே டோக்கன் எண் கொடுக்கத் தொடங்கினார். அரசாணையோ நிதியோ பயிற்சியோ எதுவும் தேவைப்படவில்லை. வரிசையில் நின்றவர்கள் துண்டால் முகத்தை மறைப்பதை விட்டார்கள். பிறகு அவருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவருக்கு டோக்கன் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய கூப்பாடு திரும்பிவிட்டது.

இந்த மடலுக்குப் பதில் எனக்குத் தேவையில்லை. பதில் எழுதும் நேரத்தில் எல்லா மருந்தகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மனநல ஓ.பி.க்கு டோக்கன் எண் கட்டாயம் என்பது ஒரு வரி. கேட்ட அளவு மாத்திரை இல்லையென்றால், அதே மருந்தை வேறு அளவில் கணக்கிட்டுத் தர மருத்துவரிடம் தொலைபேசியில் ஒப்புதல் பெறலாம் என்பது இன்னொரு வரி. அதை ஜன்னலுக்கு வெளிப்பக்கம், நாங்கள் படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் பாசன மாவட்டம் ஒன்றிலிருந்து
ஓர் அக்கா